சுவரில் மாட்டிய பல்

என் பல் கழன்று வந்தபோது காலை பத்தே முக்கால் மணி. வலி இல்லை, ரத்தம் இல்லை. டாக்டர் சின்னக் கருவி ஒன்றை வைத்து லேசாகத் திருப்பினார், அவ்வளவுதான். நாலு மாதமாக என் மேல்தாடையில் குடியிருந்த டைட்டானியம் திருகு, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற வாடகைக்காரனைப் போலச் சாவகாசமாக வெளியே வந்தது. அதன் தலையில் பல் வடிவத்தில் நான் செய்த கேப் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

நான் செய்த கேப் என்றால், நானே என் கையால் செய்தது. என் தொழிலே அதுதான். இந்தப் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஒரு நீள அறை வரும், அதுதான் லேப். மூன்று மேசை, ஒரு சூளை, அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். அந்தத் தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக ஊரார் வாய்க்குப் பல் செய்துகொண்டிருக்கிறேன். பேர் வாங்குகிறவர் முன் அறை டாக்டர். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரே யார் சிரித்தாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்ப்பேன்.

டாக்டருக்கு லேபில் நாங்கள் வைத்திருந்த பேர் தொண்ணூற்றெட்டு. வருகிறவர்களிடமெல்லாம், "இம்ப்ளான்ட்டுன்னா பயமே வேண்டாம், நம்மகிட்ட தொண்ணூத்தெட்டு சதவீதம் வெற்றி" என்பார். கெட்டவர் இல்லை. எலும்பில் துளை போடும்போது அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நூறில் மிச்சம் இருக்கும் அந்த இரண்டு பேர் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. அந்த இரண்டில் ஒன்று நான் என்று தெரிந்தபோது நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன்.

"சர்க்கரை இருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

"பிரஷர்?"

"இல்ல."

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?"

இரண்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, அரைக்கும் முனைகள் போட்டு வைக்கிற சின்ன டப்பாவில் போட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து விழுங்கிக்கொண்டிருந்தவள் நான். அன்று என்னவோ, பல்லே போய்விட்டது, இனி எதை மறைப்பது என்று தோன்றிவிட்டது.

"மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை. தினம் ஒண்ணு. ரெண்டு வருஷமா."

அவர் முகக்கவசத்தை இறக்கினார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கல."

சாக்குக்குச் சொல்லவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் ரிசப்ஷனில் ஒரு படிவம் கொடுப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். இங்கே வேலை பார்க்கும் எங்களுக்கு மட்டும் அது கிடையாது. "நம்ம ஆளுதானே, ஃபைல் எதுக்கு?" என்பார் தொண்ணூற்றெட்டு. சாப்பாட்டு இடைவேளையில் எந்த நாற்காலி காலியோ அதில் ஏறிப் படுக்க வேண்டியதுதான். நர்ஸின் கடைவாய்ப்பல்லும் வாட்ச்மேனின் ஈறும் அப்படித்தான் சரியாயின. ஊருக்கெல்லாம் ஒரு முறை, வீட்டு ஆளுக்கு ஒரு முறை. அந்தச் சலுகையை நாங்கள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

படிவம் கொடுத்திருந்தால் மட்டும் நான் எழுதியிருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், எழுதியிருக்க மாட்டேன். அது என் பங்குத் தப்பு. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

"இந்த வகை மாத்திரை எடுக்கறவங்களுக்கு இம்ப்ளான்ட் கொஞ்சம் அதிகமா தோத்துப் போகுதுன்னு சில ஆராய்ச்சி இருக்கு," என்றார். "எலும்பு திருகைச் சரியா பிடிக்கறதில்லையாம்."

"அப்ப என் பல்லு அதனாலதான் போச்சா?"

"வேற என்ன இருக்க முடியும்? என் வேலையில குறை இல்லையே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திருகு போட்டால் மூன்று நாலு மாதம் ஆறவிட்டுப் பிறகுதான் அதன் மேல் கேப் மாட்டுவது இங்கே வழக்கம். என் விஷயத்தில் திருகு போட்ட அன்றே கேப். புதுக் கட்டடத்தில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனிப் பிரிவு திறக்கப்போகிறார், அதற்குப் படம் வேண்டியிருந்தது. ஒரே நாளில் பல், பாருங்கள், எங்கள் ஊழியருக்கே போட்டிருக்கிறோம் என்று. நானும் தலையாட்டினேன். முதல் நாள் ராத்திரியெல்லாம் கனவு காணாத குறையாக ஆசையோடு அந்தக் கேப்பைச் செய்திருந்தேன். அன்றே படம் எடுத்து, அந்த வாரமே பெரிதாக்கி, ரிசப்ஷன் சுவரில் மாட்டியாயிற்று. ஈயென்று சிரித்துக்கொண்டு நான். கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் வெற்றி'. எலும்பைக் கேட்காமலே வெற்றி எழுதிவிட்டோம்.

"ஒண்ணும் கெட்டுப் போகல," என்றார் தொண்ணூற்றெட்டு. "அந்த மாத்திரையை ஒரு ஆறு மாசம் நிறுத்துங்க. எலும்பு ஆறட்டும். மறுபடி போடலாம், நான் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. அதுவரைக்கும் இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"டாக்டர், அந்த மாத்திரை இல்லாம..."

"கவலை யாருக்கும்மா இல்ல? எனக்கு இல்லாததா? மனசைத் தேத்திக்கணும். வாயில பல்லு வேணுமா வேண்டாமா, யோசிங்க."

யோசித்தேன். லேபுக்குப் போகிற வழியில் என் படம் என்னைப் பார்த்துச் சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஓட்டைப் பல்லைச் சுவரில் மறைத்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எங்களிடம் இன்னும் ஓய்வு பெறவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நல்லதாப் போச்சுடி. இதைச் சாக்கா வச்சு அந்தக் கருமத்தை விட்டுத்தொலை. நம்ம வீட்டுல யாராவது மனசுக்கு மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா?"

"நம்ம வீட்டுல யாராவது பல் இம்ப்ளான்ட் போட்டிருக்காங்களாக்கா?"

"வாய் மட்டும் குறையல. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, உனக்கு அதுவும் போகல."

என் கணவரும் அங்கேதான் இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று கயிறும் கப்பியும் பார்க்கிற மனுஷர், பேச்சு குறைவு. அவர் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

மாத்திரை ஆரம்பிப்பதற்கு முந்தின ஏழு மாதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாத்திரைக்கு ஏன் இத்தனை அமர்க்களம் என்று நினைப்பீர்கள். ஏன் வந்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. கடன் இல்லை, சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருப்பேன். ஒருநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. குளிக்க இரண்டு மணி நேரம் யோசித்தேன். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. லிஃப்ட் கிரீஸ் போகாத விரல்களால் அவர்தான் சீப்பெடுத்து வாரிப் பின்னிவிடக் கற்றுக்கொண்டார். சாப்பிடாமல் கிடந்து, ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்து தொட்டி விளிம்பில் முகம் மோதியதில்தான் அந்த முன்பல்லே உடைந்தது. இதை அக்கா சௌகரியமாக மறந்துவிட்டாள். மாத்திரையால் போன பல் ஒன்று என்றால், மாத்திரை இல்லாததால் போன பல் அதற்கு முன்னாலேயே ஒன்று இருக்கிறது.

எல்லாவற்றையும்விட மோசம், நிறம் போனது. பல்லுக்கு நிறம் பார்க்க எங்களிடம் ஒரு வரிசை உண்டு. பதினாறு மாதிரிப் பல் கோத்த பட்டை. ஏ-டூ, ஏ-த்ரீ என்று ஒவ்வொன்றுக்கும் பேர். ஏ-டூவுக்கும் ஏ-த்ரீக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்த மாதங்களில் பதினாறும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார். பிறகு மன டாக்டரிடம் போய், மாத்திரை ஆரம்பித்து, ஐந்தாவது வாரம். மேசையில் பட்டை கிடந்தது. சும்மா எடுத்துப் பார்த்தேன். ஏ-த்ரீயில், பல் ஈறைத் தொடுகிற இடத்தில், மெல்லிசாக ஒரு மஞ்சள். அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். மாத்திரை எனக்குக் கொடுத்தது அதுதான்.

இவ்வளவு தெரிந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? போங்கடா நீங்களும் உங்கள் பல்லும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு சந்து. ஊருக்கே பல் செய்கிறவள் வாயில் ஓட்டை. அந்தக் கூச்சம் வென்றுவிட்டது. அதோடு ரகசியமாக ஒரு கர்வமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் தொழிலில் எதையும் ஒரேயடியாக வெட்டுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி அரைத்து, உடம்புக்கே தெரியாமல் பொருத்துவது. அப்படி ஆயிரக்கணக்கான வாய்களை ஏமாற்றியவள் நான். மாத்திரையை ஏன் ஒரேயடியாக நிறுத்த வேண்டும்? அரைத்தால் போதாதா?

லேபில் பவுடர் நிறுக்கிற துல்லியத் தராசு இருக்கிறது. மெழுகுக் கத்தி இருக்கிறது. சுற்றும் தகடு இருக்கிறது. தினமும் காலை எல்லோரும் வருவதற்கு முன்னால் மாத்திரையை இடுக்கியில் பிடித்து, ஓரத்தில் இம்மி அளவு சீவுவேன். நிறுப்பேன். நேற்றைவிட ஒரு துளி குறைவு. சீவிய முகத்தை வழவழப்பாக்கிக்கூட விட்டேன், கைப்பழக்கம் யாரை விட்டது. பத்தாவது நாள் மாத்திரை பாதிக்கு வந்திருந்தது. அவ்வளவு அழகான பாதி மாத்திரையை எந்தக் கம்பெனியும் செய்திருக்காது. உலகத்தில் ஒரு பல் மெக்கானிக் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

உடம்பு ஏமாறவில்லை. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்னல் வெட்டியது. படியில் இறங்கும்போது கடைசிப் படி காணாமல் போனது. காரணமில்லாமல் வாட்ச்மேனிடம் கத்தினேன். பன்னிரண்டாவது நாள் தொண்ணூற்றெட்டு ஒரு கேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்தார். ஒரு பஸ் டிரைவருக்கு நான் செய்து கொடுத்தது.

"என்னம்மா இது? பொணத்துக்குப் போட்ட மாதிரி இருக்கு. அவர் பல்லு ஏ-த்ரீ, நீங்க எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

நான் நிறப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏ-டூ, ஏ-த்ரீ, மற்றது எல்லாம் வரிசையாகச் சாம்பல். பட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கேப்பைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. "நாளைக்குள்ள வேற செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். டப்பா ஏப்ரன் பையிலிருந்து தரையில் விழுந்து திறந்துகொண்டது. என் கணவர்தான் பொறுக்கினார். லிஃப்ட்காரர் கண், தேய்மானத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும். அடுத்த சில நாளுக்கென்று அன்று காலை சேர்த்தே சீவி வைத்திருந்த மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பெரிதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கினார்.

"நீயே அரைச்சியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு."

மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் திரும்பப் போட்டு மூடினார். பிறகு பேசினார், எங்கள் இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவர் ஒரேயடியாகப் பேசிய அதிகப் பேச்சு அதுதான். "பல்லே இல்லாத உன்கூட நான் நூறு வருஷம் இருந்துடுவேன். அந்த ஏழு மாசம் மாதிரி இன்னொரு ஏழு மாசம் என்னால முடியாதும்மா. உன் தலையை வாரிவிடறப்ப, நீ இருக்கியா இல்லையான்னு மூச்சைக் கவனிச்சுக்கிட்டே வாருவேன். உனக்குத் தெரியாது. இந்த உலகத்துல ஒரு பல்லுக்காக உன்னை யார்கிட்டயும் நான் விட்டுத்தர மாட்டேன், உன்கிட்டயே விட்டுத்தர மாட்டேன்."

நான் அழுதேன். அவரும் அழுதார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் மன டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்த அம்மாவின் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓடாத கடிகாரம். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"வேலை நல்லா செய்யறீங்க," என்றார். "என் வேலையை நீங்க செய்யாதீங்க."

"என் பல்லு போனதுக்கு இதுதான் காரணமாம்மா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த மாத்திரை எடுக்கறவங்ககிட்ட அது கொஞ்சம் அதிகமா தோக்குதுங்கறது ஆராய்ச்சியில வந்திருக்கு, உண்மைதான். மாத்திரையாலதானா, வேற எதனாலயாங்கறதுல இன்னும் வாதம் நடக்குது. மாத்திரை எடுத்துக்கிட்டே நல்லாப் பிடிச்சவங்களும் நிறையப் பேர் இருக்காங்க. ஆமா, திருகு போட்டு எத்தனை நாள் கழிச்சு மேல பல்லு மாட்டினாங்க?"

"அன்னிக்கே."

அந்த அம்மா பேனா மூடியைக் கடித்தார். மேல்வரிசை, ஏ-டூ, லேசான தேய்மானம். "நான் பல் டாக்டர் இல்ல, அதனால அதைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். அவர் சொல்லாததே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு தெளிவாகச் சொன்னார். மின்னலும் தள்ளாட்டமும் மருந்தைக் கண்டபடி குறைத்ததால் வந்தவை. மருந்தை மாற்றலாமா, எப்போது குறைக்கலாம் என்பதெல்லாம் அவரும் நானும் உட்கார்ந்து பேசி, மாதக்கணக்கில் நிதானமாக முடிவெடுக்க வேண்டியவை. பல் டாக்டருக்குத் தகவல் தெரிய வேண்டும், தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அதை ஒரு கடிதமாகவே எழுதிக் கொடுத்தார்.

"நீங்க நிறம் பார்த்துப் பிழைக்கறவங்க," என்றார் கிளம்பும்போது. "கண்ணை வித்து சித்திரம் வாங்கப் பார்த்தீங்களே."

அந்தச் சித்திரம் ரிசப்ஷன் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சுரீரென்றது.

மறுநாளிலிருந்து முழு மாத்திரை. மின்னல் ஒரு வாரத்தில் நின்றது. சாம்பல் மெதுவாகத்தான் விலகியது. நாலாவது வாரம் ஏ-த்ரீயின் மஞ்சள் திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் அழவில்லை. தற்காலிகப் பல்லோடு அதுவரை காத்திருந்த பஸ் டிரைவருக்குப் புதிதாக ஒரு கேப் செய்தேன், பழையதைச் சுத்தியால் உடைத்தேன். பிறகு எனக்கே ஒன்று செய்துகொண்டேன். திருகு கிருகு ஒன்றும் இல்லை. மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் சின்னத் தகடு, அதில் ஒற்றைப் பல். வேண்டுமானால் மாட்டலாம், வேண்டாவிட்டால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு யாருடைய எலும்பின் சம்மதமும் தேவையில்லை.

கடிதத்தைத் தொண்ணூற்றெட்டிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டார். "விழா முடியட்டும், பேசலாம்" என்றார். விழா அன்று காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னா போதும். கழட்டி மாட்டற பல்லு வச்சிருக்கீங்களே, அதைப் போட்டுக்கங்க. யாராவது கேட்டா ஒண்ணும் விளக்க வேண்டாம், சும்மா சிரிங்க."

"இம்ப்ளான்ட்டுன்னு நினைச்சுக்கட்டும்னா டாக்டர்?"

"நாம பொய் சொல்லல. அவங்களா நினைச்சுக்கறாங்க."

பல்லை மாட்டிக்கொண்டு போய்ப் படத்துக்குக் கீழே நின்றேன். புது நாற்காலிகள், புதுப் பெயிண்ட் வாசனை, வாசலில் ரிப்பன். முதல் நாள் என்பதால் இலவசப் பரிசோதனை, நாற்பது பேருக்கு மேல் படிவமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அழைக்காமலே வந்த என் அக்காவும் முன்வரிசையில் இருந்தாள், பள்ளி ஆய்வாளர் தோரணையில்.

சுவரோரம் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், கையில் கணினிப் பை, வேலைக்கு நடுவே வந்தவள் போல. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினாள்.

"படத்துல இருக்கறது நீங்களா?"

"நான்தான்."

"வலிச்சுதா?"

"இல்ல."

அவள் படிவத்தைப் பார்த்தாள். பேனா ஒரு இடத்தில் நின்றுபோயிருந்தது. குரலை இறக்கினாள். "நான் வேற ஒரு மாத்திரை எடுத்துக்கறேங்க. இதுல அதுக்குக் கேள்வி இல்ல. கேட்கலன்னா எழுத வேண்டாம்தானே?"

அவள் எந்த மாத்திரை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தக் குரலில்தானே நான் இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்தக் கேள்வி இல்லாத படிவத்தின் மேல், சுவரில் ஈயென்று சிரிக்கிற அந்தப் பெண்ணின் மேல்.

வாயில் விரல் விட்டுப் பல்லைக் கழற்றினேன். அவள் மடியில் இருந்த படிவத்தின் மேலேயே வைத்தேன். படிவம் காற்றில் பறக்காமல் அது பிடித்துக்கொண்டது.

"அந்தப் படத்துல இருக்கற பல்லு விழுந்துடுச்சு," என்றேன். ஓட்டைப் பல்லோடு பேசினால் குரல் கொஞ்சம் காற்றடிக்கும், அதனால் இன்னும் சத்தமாகவே சொன்னேன். "நாலு மாசம்தான் நின்னுது. நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறேன். யாரும் கேட்கல, நானும் சொல்லல. அதனாலதான் விழுந்துச்சா, அன்னிக்கே கேப் மாட்டினதால விழுந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. நீங்க எழுதுங்க. எழுதினாத்தான் எப்படிப் போடறது, எவ்வளவு நாள் காத்திருக்கறதுன்னு அவங்க யோசிப்பாங்க. ஆனா எழுதினதைப் படிச்சுட்டு யாராவது மாத்திரையை நிறுத்துன்னா, அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. நான் நிறுத்தப் பார்த்துப் பட்டவ."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ஏண்டி, மானத்தை வாங்கறியே!"

"நான் யார் மானத்தையும் வாங்கலக்கா. தண்ணி வாங்கிட்டு வா, மாத்திரை சாப்பிடற நேரம்."

அக்கா நின்றாள். முப்பது வருட டீச்சருக்கு எதிர்த்துப் பேசும் மாணவியை என்ன செய்வதென்று தெரியும், மூலையில் நிற்கவைக்கலாம். தண்ணி கேட்கிற தங்கச்சியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் போய் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. தண்ணீர் மட்டும் தளும்பாமல் வந்தது.

டப்பாவில் இல்லை, அன்று அட்டையாகவே கொண்டுவந்திருந்தேன். எல்லோர் முன்னாலும் பிரித்து, முழுசாக ஒன்றை விழுங்கினேன்.

தொண்ணூற்றெட்டு ரிப்பன் கத்தரியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ரிசப்ஷன் மேசைக்குப் போய் ஒரு புதுப் படிவம் எடுத்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதினேன். அடியில் காலியாக இருந்த இடத்தில் கோடு போட்டு, 'மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா' என்று நானே ஒரு கேள்வி எழுதி, அதற்கு 'ஆம், தினமும்' என்று பதிலும் எழுதினேன்.

"இந்தாங்க டாக்டர்," என்றேன். "இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கும் ஒரு ஃபைல் போடுங்க. கணக்குலயும் சேர்த்துக்கங்க, தோத்த பக்கத்துல."

அவர் படிவத்தை வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார், நாற்பது பேர் பார்க்கிறார்கள். படித்தார். நான் எழுதிய கேள்வியை இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தேதி போட்டார்.

சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் என் பல்லை ஜாக்கிரதையாக ஓரமாக நகர்த்திவிட்டு, படிவத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவளிடம் பேனா இரவல் கேட்டார்.